காட்சியோடு இயைந்த ஒலி

1927ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' திரைப்படத்தில் காட்சி படச்சுருளிலும் ஒலி இசைத்தட்டிலும் தனித்தனியே பதிவாகியிருந்தன. வைட்டஃபோன் எனப்பட்ட அம்முறையில் சுருளும் தட்டும் ஒன்றோடொன்று இயைந்து ஓட வேண்டும். சுருள் அறுந்து சில படங்கள் இழக்கப்பட்டால், அவ்விடத்தில் அதே எண்ணிக்கையில் கருநிறப் படங்களை ஒட்டி ஈடுசெய்ய வேண்டும். இல்லையெனில் உதடு முந்தும், குரல் பிந்தும். இன்று சுருளும் தட்டும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும் காட்சியையும் ஒலியையும் இசைவிக்கும் பொறுப்பு மறையவில்லை. அது படத்தொகுப்பு மென்பொருளின் ஒலி அமைப்புகளைச் சேர்ந்துள்ளது.

மாதிரி வீதம்

ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த மாறுபாடு. ஒலிவாங்கி அதனை மின்னலையாக மாற்றுகிறது. கணினி அவ்வலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதே மாதிரி வீதம் ஆகும். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கவல்லது. ஓர் ஒலியை மீட்டுருவாக்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட மாதிரிகள் தேவை. இசைக் குறுந்தகட்டுக்கு 44,100 ஹெர்ட்ஸ் என்பதும் காணொலிக்கு 48,000 ஹெர்ட்ஸ் என்பதும் வழக்கமாயின. நொடிக்கு 24, 25, 30 படங்கள் என எவ்வளவில் படம்பிடித்தாலும், படம் ஒன்றுக்கு முறையே 2,000, 1,920, 1,600 மாதிரிகள் என 48,000 மிச்சமின்றிப் பங்கிடப்படுகிறது.

எனவே, தொகுப்பைத் தொடங்குமுன் மாதிரி வீதத்தை 48,000 என அமைத்தல் நன்று. வேறு வீதத்தில் பதிவான ஒலியை மென்பொருள் முறையாக மாற்றிக்கொள்ளும். அவ்வாறு மாற்றாமல், 44,100 வீதத்தில் பதிவான குரலை 48,000 எனக் கருதி இயக்கினால் குரல் கீச்சிடும். பத்து நிமிடப் பேச்சு ஏறத்தாழ 49 நொடிகள் முன்னதாகவே முடிந்துவிடும்.

பிட் ஆழமும் ஒலி மட்டமும்

அளந்த உயரத்தை எத்தனை நுண்படிகளில் குறிப்பது என்பதைப் பிட் ஆழம் முடிவுசெய்கிறது. 16 பிட்டில் 65,536 படிகளும் 24 பிட்டில் 1,67,77,216 படிகளும் உள்ளன. படிகள் மிகுந்தால் மெல்லிய ஒலியும் இரைச்சலில் மூழ்காமல் தெளிவாகப் பதியும்.

மென்பொருளின் மட்டமானியில் 0 டெசிபல் என்பது உச்ச வரம்பு. ஏனைய அளவுகள் எதிர்ம எண்களால் குறிக்கப்படும். பதிவின்போது ஒலி அவ்வரம்பை மீறினால் அலையின் முகடு வெட்டுப்படும், குரல் கரகரக்கும். பின்னர் ஒலியளவைக் குறைத்தாலும் வெட்டுண்ட முகடு மீளாது. பேச்சின் உச்சம் −12 முதல் −6 டெசிபலுக்குள் அமையுமாறு பதிவுசெய்வது பாதுகாப்பானது.

ஓரொலியும் ஈரொலியும்

ஒற்றை ஒலிவாங்கியில் பதிவான குரல் சில வேளைகளில் இடப்பக்கத் தடத்தில் மட்டும் அமைந்துவிடும். செவிப்பொறி அணிந்து கேட்பவருக்கு அது ஒரு காதில் மட்டுமே ஒலிக்கும். அத்தடத்தை ஓரொலியாக மாற்றினால் குரல் இரு காதுகளிலும் சமமாகக் கேட்கும்.

மாதிரி வீதத்தையும் தடத்தையும் தொகுப்பின்போது திருத்திக்கொள்ளலாம். பதிவில் சிதைந்த குரலை முழுமையாக மீட்க இயலாது. முதுமையுற்ற கதைப்பாடகர் ஒருவர் தம் நினைவிலுள்ள பாடலை மறுமுறை பாடும் வாய்ப்பு அமையாமலே போகலாம். ஆகவே, பதிவுக்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, மட்டமானியைப் பார்த்து, செவிப்பொறியில் கேட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது. அந்த ஒரு நிமிடமே ஒரு குரலை அடுத்த தலைமுறைக்கு முழுமையாகக் கொண்டு சேர்க்கும்.