மாதிரி விமானத்தின் ரிசீவர்

மாதிரி விமானம் வானில் வட்டமிடுவதைக் காண்போர் அதன் சிறகின் எழிலையும் வேகத்தையும் வியக்கின்றனர். அதன் உடலினுள் தீப்பெட்டியளவில் அடங்கியிருக்கும் ரேடியோ ரிசீவரை நினைப்போர் சிலரே. ஆயினும், தரையில் நிற்பவரின் கட்டளை விமானத்தை எட்டுவது அக்கருவி ஒன்றின் வாயிலாகத்தான். அது செயலற்றுப் போனால் விமானம் யார் தலைமீதும் விழக்கூடும். பறக்கும்போது அதனைப் பழுதுபார்க்க வழியில்லை. ஆகவே, தரையிலேயே செய்யவேண்டியவை யாவை என ஆராய்வோம்.

1898-ஆம் ஆண்டில் நிகோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில், நீரில் மிதந்த சிறு படகொன்றைக் கம்பித் தொடர்பின்றி இயக்கிக் காட்டினார். தத்துவம் இன்றும் அதுவே. நம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் அலையை ரிசீவர் ஏற்று, அதிலுள்ள கட்டளைகளைப் பிரித்து, சுக்கான் முதலியவற்றை அசைக்கும் ‘சர்வோ’ மோட்டார்களுக்கு வழங்குகின்றது.

முதலில் ஏரியலைக் கவனிப்போம். இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வுகள் கொண்ட அலையில் இயங்குகின்றன. அவ்வலையின் நீளம் சுமார் 12½ சென்டிமீட்டர். அதில் கால்பங்கான 3 சென்டிமீட்டர் அளவே ஏரியல் நுனியில் அலையை ஏற்கும் பகுதி. அதனை வெட்டவோ மடிக்கவோ கூடாது. ஏரியல் தன் நுனி நோக்கும் திசையிலிருந்து வரும் அலையை மிகக் குறைவாகவே ஏற்கும். எனவே, இரண்டு ஏரியல்கள் இருப்பின் ஒன்றுக்கொன்று செங்கோணமாகப் பொருத்துவது நலம். உலோகமும் கார்பன் இழைத் தகடும் அலையை மறைக்கும்; அவற்றுக்கு அப்பால் வைத்தல் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். சர்வோக்கள் பல ஒருங்கே இயங்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, ரிசீவர் கணநேரம் நின்றுவிடக்கூடும். ஆதலால் வலுவான பாட்டரி தேவை. இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அவற்றை மாற்றிவிட வேண்டும். எஞ்சினின் அதிர்ச்சி தாக்காதிருக்க ரிசீவரை மெத்தென்ற நுரைப்பஞ்சில் பொதிந்து வைக்கலாம்.

இயக்கும் வரிசையும் முக்கியமானது. முதலில் டிரான்ஸ்மிட்டர், பின்பு ரிசீவர். நிறுத்தும்போது முதலில் ரிசீவர், பின்னரே டிரான்ஸ்மிட்டர். பறக்கவிடுமுன், டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைக்கும் சோதனை நிலையில் வைத்து, தயாரிப்பாளர் குறித்த தூரம் நடந்து சென்று, சர்வோக்கள் தடுமாறாமல் பணிகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். பல கருவிகளுக்கு இத்தூரம் 30 எட்டுகளே.

இறுதியாக ஒன்று. அலை அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை ரிசீவருக்கு முன்கூட்டியே பதித்துவைக்கும் வசதி உண்டு. மோட்டார் உடனே நிற்குமாறு அதனை அமைத்து, விசிறியைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதிக்க வேண்டும். மோட்டார் நிற்கவில்லையெனில் அன்று விமானத்தைப் பறக்கவிடலாகாது.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் நம் இளைஞர்கள் மாதிரி விமானக் கலையைப் பயில்கின்றனர். விமானத்தைச் செலுத்தும் திறமையோடு இச்சோதனைகளையும் அவர்கள் பழக்கமாக்கிக்கொள்வார்களாயின், பறப்பவருக்கு இன்பமும் பார்ப்பவருக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும்.