உங்களுக்குத் தெரியுமா? இணையம் போனால் நஷ்டஈடு!

ஜெர்மனியின் பவேரிய மாநில உள்ளாட்சிச் சட்டப்படி மேயர் ஆண்டுக்கு ஒரு முறையாவது குடிமக்கள் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். அங்கு 25 வட்டாரங்கள் கொண்ட மியூனிக் நகரில் அது வட்டாரவாரியாக நடக்கிறது. நம்மூர் கிராம சபை போலத்தான். ஆனால் ஒரு கூடுதல் பிடி உண்டு: கூட்டம் நிறைவேற்றும் பரிந்துரையை மூன்று மாதத்துக்குள் பரிசீலித்தே ஆக வேண்டும்.

இப்போது இணையவழியிலும் யோசனை சொல்லலாம். அதற்கு மாநகராட்சி பயன்படுத்துவது மாட்ரிட் நகரம் உருவாக்கிய 'கொன்சுல்' என்ற கட்டற்ற மென்பொருள். சரி, வீட்டில் இணையமே இல்லாதவர்?

இந்தக் கேள்வியை ஜெர்மன் நீதிமன்றங்கள் வேறு வழியாக அணுகின. கண்ணியமான வாழ்வுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை சோறு, துணியோடு நின்றுவிடாது; சமூக, பண்பாட்டு, அரசியல் வாழ்வில் ஓரளவேனும் பங்கேற்கவும் உதவ வேண்டும் என்று 2010 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. 2013 ஜனவரியில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வாரக்கணக்கில் இணைய இணைப்பை இழந்த வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு உண்டு என்றது. தொலைநகல் போனதற்கு மட்டும் கிடையாது! அதே ஆண்டில் மியூனிக்கின் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் இலவச வைஃபை வந்தது.

ஆனால் நகர அரசியலில் பங்கேற்க இணைப்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு அங்குள்ள தமிழரே சாட்சி. இந்திய, இலங்கைக் குடியுரிமை மட்டுமே வைத்திருப்பவர் எத்தனை ஆண்டு வரி கட்டினாலும் மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு முடியும். வெளிநாட்டவர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குடியேறியோர் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அது ஆலோசனை கூறலாம், முடிவெடுப்பது நகரமன்றம்தான்.