மழை வந்தால் தறிக்குழியில் ஊற்று! சேவூர் நெசவாளர்கள் வீட்டை சரிசெய்ய உதவி எங்கே கிடைக்கும்?

ஆரணி அருகே உள்ள சேவூரில் பட்டு நெசவுதான் பல குடும்பங்களுக்கு சோறு போடுகிறது. வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓடு ஒழுகினால் படுக்க மட்டும் இடமில்லாமல் போகாது, தறியும் நின்னு போகும். தறி நின்னா கூலி இல்லை.

ஈரம் என்ன செய்யும்?

பட்டு நூல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாவு தொய்ந்து போகும். ஜக்கார்டு அட்டை உப்பிக்கொண்டால் டிசைன் சரியாக விழாது. ஜரிகை கறுக்கும். நிலத்தடி நீர் மேலே வந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். மிதிக்கட்டையில் கால் வைக்க முடியாது.

குறைந்த செலவில்...

புரட்டாசிக்குள் வேலையை முடிப்பது நல்லது. உடைந்த ஓடுகளை மாற்றி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டலாம். குழியின் விளிம்பை செங்கல் வைத்து அரை அடி உயர்த்தி சிமெண்டு பூசினால் தரையில் ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்காது. வீட்டைச் சுற்றி சின்ன வாய்க்கால் வெட்டி விடலாம். ராத்திரியில் பாவையும் ஜக்கார்டு பெட்டியையும் பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்கணும். சுவர் நனைந்திருந்தால் மெயின் சுவிட்சை அணைத்து விடணும்.

அரசு உதவிகள்

தமிழக அரசு 2024-ல் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை தொடங்கியது. குடிசைக்குப் பதில் 360 சதுர அடியில் வீடு கட்ட ரூ.3.50 லட்சம் என அறிவிக்கப்பட்டது. இடத்துக்கு பட்டா வேண்டும். 2000-01-ம் ஆண்டுக்கு முன் கட்டிய ஊரக வீடுகளில் 2.50 லட்சம் வீடுகளைப் பழுதுபார்க்க ரூ.2 ஆயிரம் கோடி ஒதுக்குவதாகவும் அதே ஆண்டில் அறிவிப்பு வந்தது. இந்த இரண்டுக்கும் ஊராட்சி அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

தறிக்கூடம் கட்டவும் வழி உண்டு. மத்திய அரசின் தேசிய கைத்தறி மேம்பாட்டுத் திட்டத்தில் (2021-22 முதல் 2025-26 வரை) ஒரு கூடத்துக்கு ரூ.1.20 லட்சம் மதிப்பிடப்பட்டது. வறுமைக்கோட்டுக்கு கீழ் உள்ளவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு முழுத்தொகையும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மத்திய அரசின் பங்கு. இப்போது எந்த திட்டத்தில் மனு வாங்குகிறார்கள் என்பதை கூட்டுறவு சங்கத்திலோ, கைத்தறி உதவி இயக்குநர் அலுவலகத்திலோ விசாரிக்கலாம்.

கைத்தறிக்கு 2 மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச்சில் 300 யூனிட் ஆனது. அந்த மிச்சத்தை ஓடு மாற்ற ஒதுக்கலாம்.

எங்கே சிக்கல்?

முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர்கள் பலர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. நெசவாளர் அடையாள அட்டையும் இருக்காது. அட்டை இல்லாவிட்டால் கைத்தறி உதவிகளைப் பெறுவது கஷ்டம். வாடகை வீட்டில் தறி போட்டவர்களுக்கும், புறம்போக்கில் இருப்பவர்களுக்கும் வீட்டுத் திட்டங்கள் எட்டாது. இவர்கள் முதலில் அட்டை, பட்டாவுக்கு மனு கொடுப்பதே சரியான வழி. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளணும்.

வீடு இடிந்துவிட்டால்?

2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின்போது சேதமடைந்த குடிசைகளுக்கு ரூ.10 ஆயிரம் அறிவிக்கப்பட்டது. இதுபோன்ற நிவாரணத்துக்கு கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுப்பதுதான் ஆதாரம். எனவே இடிபாடுகளை அள்ளுவதற்கு முன் போட்டோ எடுத்து, உடனே அவருக்கு சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்கு 1077.

கூரைக்கும் குழிக்கும் கோடையிலேயே மனு போட்டால்தான் ஐப்பசியில் தறி ஓடும்.