இண்டர்நெட் இல்லாமல் வைரஸ் சோதனை பலிக்குமா?

விஜயபுரத்திலும் நகரியிலும் ஜெராக்ஸ் கடையோ, நெசவுக் கணக்கோ கம்ப்யூட்டரை நம்பி நடத்துவோருக்கு ஒரு சந்தேகம் எழுவது சகஜம். இண்டர்நெட் இணைப்பு இல்லாதபோது ஆன்ட்டி வைரஸ் சோதனை ஓடினால், அதை நம்பலாமா?

சோதனை ஓடும். ஆனால் அதன் அறிவு, கடைசியாக இணைப்பு இருந்த நாளோடு நின்றுவிடும்.

போலீஸ் ஸ்டேஷனில் கேடிகளின் படங்களை வைத்திருப்பது போல, ஆன்ட்டி வைரஸும் தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களைக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கிறது. பழைய கேடியைப் பிடிக்க இண்டர்நெட் வேண்டாம். நேற்றுத் தலைகாட்டியவனைப் பிடிக்கப் புதிய பட்டியல் வர வேண்டும். சந்தேகமான ஃபைலைப் பற்றிக் கம்பெனியின் மத்திய கம்ப்யூட்டரிடம் உடனே விசாரிக்கும் வசதியும் இணைப்பு இருந்தால்தான் உண்டு.

“இணைப்பே இல்லையென்றால் வைரஸ் எப்படி வரும்?” என்று கேட்கலாம். 1986இல் லாகூரில் பிறந்த ‘பிரெய்ன்’ வைரஸ் ஃப்ளாப்பியிலேயே நாடு நாடாகப் பரவியது. இன்று அந்த வேலையைப் பென் டிரைவ் செய்கிறது.

2017 மே 12ஆம் தேதி கிளம்பிய ‘வான்னாக்ரை’ வைரஸ், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சித்தூர் உள்ளிட்ட சில ஆந்திர மாவட்டங்களின் போலீஸ் கம்ப்யூட்டர்களும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. பூட்டுமுன் அது இண்டர்நெட்டில் ஒரு முகவரியைத் தேடும்; பதில் வந்தால் நின்றுவிடும். இங்கிலாந்து இளைஞர் ஒருவர் அந்த முகவரியைப் பதிவு செய்ததும் அதன் வேகம் அடங்கியது. ஆனால் வெளித்தொடர்பின்றி, ஆபீஸுக்குள் மட்டும் ஒன்றோடொன்று இணைந்த கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டாது. இணைப்பின்மையே அங்கு ஆபத்தாயிற்று!

ஆகவே, சாதாரண நாளில் முதலில் புதிய பட்டியலை இறக்கிக்கொண்டு, பிறகு சோதிப்பதே முறை. வைரஸ் புகுந்துவிட்டதாகத் தோன்றினால் உடனே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பட்டியலை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவரலாம். விண்டோஸிலேயே ‘டிஃபென்டர் ஆஃப்லைன்’ என்ற சோதனையும் உண்டு. விண்டோஸ் முழுதாக எழுமுன்பே, சுமார் 15 நிமிடத்தில் அது தேடி முடித்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பூட்டப்பட்ட ஃபைலை எந்தச் சோதனையும் திறந்து தராது. கணக்கின் நகல் ஒன்று, கம்ப்யூட்டரோடு ஒட்டாமல், பீரோவில் தனியே இருக்கட்டும்.