பட்டப்பின் படிப்புப் பரீட்சையும் நேரசூசியும்

கல்விக்கு முயற்சி இன்றியமையாதது. ஆயினும் அளவறியாத முயற்சி பெரும்பாலும் பயன் தருவதில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசியல் வினைக்குக் கூறப்பட்ட அம்முறை பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் பட்டதாரிக்கும் பொருந்துவதாகும்.

அமெரிக்கச் சர்வகலாசாலைகளிற் பட்டப்பின் படிப்பை விரும்புவோர் எழுதும் ஜீ.ஆர்.ஈ. பரீட்சையை உதாரணமாகக் கொள்ளலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு சர்வகலாசாலைகளோடு இணைந்து கார்னகி நிதியம் 1936 இல் இதனைத் தொடக்கியது. 2023 செப்டெம்பர் முதல் இது சுருங்கிய வடிவில் நடைபெறுகின்றது. கட்டுரைக்கு 30 நிமிடம், மொழித்திறன் வினாக்கள் 27 க்கு 41 நிமிடம், கணிதத்திறன் வினாக்கள் 27 க்கு 47 நிமிடம் என மொத்தம் 118 நிமிடமாகும். 2020 இன் பின்னர் பல துறைகள் இப்பரீட்சையைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆதலால் விரும்பிய துறையின் விதியை அறிதலே முதற்கடமை.

வலியறிதல் என்பது தன் நிலையை முதலில் அளந்து கொள்வதாகும். நூல் எதனையும் திறக்குமுன் மாதிரிப் பரீட்சை ஒன்றை உரிய நேரத்துள் எழுதிப் பார்த்தல் வேண்டும். தமிழ்மூலம் பயின்ற விஞ்ஞானப் பட்டதாரிக்குக் கணிதம் எளிதாகவும் ஆங்கில மொழித்திறன் அரிதாகவும் இருத்தல் கூடும். அவர் இரண்டுக்கும் நேரத்தைச் சமமாகப் பகிர்வது தவறாகும்.

காலமறிதல் முடிவுநாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதாகும். பல துறைகளின் விண்ணப்ப முடிவு டிசம்பரில் வருகின்றது. பெறுபேறு வெளிவர 8 முதல் 10 நாட்கள் செல்லும். மீண்டும் எழுதுவதாயின் 21 நாட்கள் கழிதல் வேண்டும். ஆகவே ஒக்டோபர் முதல் வாரத்தில் எழுதுதல் நன்று. அதற்கு 16 வாரம் முந்தியது யூன் நடுப்பகுதி.

இனி, அலவத்துகொடையிலிருந்து கண்டிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவரைக் கருதுக. வேலைநாள் ஐந்தில் ஒன்றரை மணிநேரமும் சனிக்கிழமையில் நாலரை மணிநேரமும் படித்தால் வாரம் 12 மணிநேரமாகும். அதில் 2 மணிநேரத்தை நோய், விருந்தினர், மின்தடை ஆகியவற்றுக்கென ஒதுக்குக. எஞ்சிய 10 மணிநேரமே மெய்யான முதல். 16 வாரத்துக்கு 160 மணிநேரம்: முதல் ஆறு வாரம் அடிப்படைக்கு, அடுத்த ஏழு வாரம் பயிற்சிக்கு, இறுதி மூன்று வாரம் முழுப் பரீட்சைகளுக்கு. நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் என எழுதிவைக்கும் நேரசூசி முதல் வாரத்திலேயே முறியும். முறிந்தபின் ஊக்கமும் உடன் முறியும்.

இடனறிதலும் சிறிதன்று. அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வழியாகப் பஸ்ஸிற் செல்லும் நேரம் சொற்களை மீட்டுப் பார்க்க உதவும். கணிதத்துக்கு மேசையே வேண்டும். எசல பெரஹராக் காலத்திற் கண்டி வீதிகள் மூடப்படும்போது வீடு திரும்பத் தாமதமாகும். அந்நாட்களின் பாடத்தை முன்னரே குறைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

நேரம் கிடைத்தாற் போதாது. அது நிரப்பப்படும் முறையும் முக்கியமாகும். ஜெர்மானிய உளவியலறிஞர் எபிங்ஹவுஸ், கற்றவற்றிற் பெரும்பகுதி முதற் சில மணிநேரங்களிலேயே மறக்கப்படுவதை 1885 இல் எடுத்துக்காட்டினார். ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு மற்றுமோர் உண்மையை விளக்கியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தோர் ஐந்து நிமிடத்தின் பின் முந்தினர். ஒரு வாரத்தின் பின்னரோ, நூலை மூடி நினைவுகூர்ந்து எழுதியோரே முந்தினர். எனவே இன்று கற்றதை மறுநாளும், ஒரு வாரத்தின் பின்னும், ஒரு மாதத்தின் பின்னும் நூலைப் பாராது சோதித்தற்கு நேரசூசியில் இடமிருத்தல் வேண்டும். பிழைத்த வினாக்களைத் தனிக்கொப்பியிற் குறித்து, சனிக்கிழமைதோறும் மீண்டும் செய்தல் மிகுந்த பயனளிக்கும்.

உழைப்புக்கு இடையே உயர்கல்வியை நாடுபவருக்கு ஒரு தவணை தவறினால் பெரும்பாலும் ஓராண்டு தவறும். நேரசூசி ஆசையின் பட்டியலன்று. உள்ள பொழுதின் வரவுசெலவுக் கணக்கு. அக்கணக்கு உண்மையாயின், குறைந்த பொழுதும் நிறைந்த பயன் தரும்.