ரத்தம் கசிந்தால் பிரஷ்ஷைக் கீழே வைக்காதீர்கள்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் காலையில் வேப்பங்குச்சி ஒடிப்பவர்களும் இருக்கிறார்கள், பேஸ்ட் பிதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. துப்பும் எச்சிலில் சிவப்பு தெரிந்துவிட்டால், அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற பற்களை மட்டும் தேய்ப்பார்கள். கேட்டால், "உடம்பு சூடுதான், ரெண்டு இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். இளநீர் நல்லதுதான், குடிக்கலாம். ஆனால் ஈற்றில் ரத்தம் வருவதற்கும் உடம்புச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. தேய்க்காமல் விட்ட இடத்தில்தான் ரத்தம் வருகிறது. ரத்தம் வருகிறதே என்று இன்னும் தேய்க்காமல் விட்டால் நோய் வளரும்.

பன்னிரண்டு பேர் பல் தேய்க்காமல் இருந்தார்கள்

இது 1965-இலேயே நிரூபணமான விஷயம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து, மாத்திரை எதுவும் தரவில்லை.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலம்தான் இதற்கெல்லாம் காரணம். மென்மையாக இருக்கும்வரை பிரஷ்ஷிலேயே போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகி, காரையாகிவிடும். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கின் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மேடு தட்டுப்பட்டால் அதுதான் காரை. எச்சில் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் முதலில் அங்கேதான் கட்டும். உப்புத் தண்ணீரோ கிராம்பு எண்ணெயோ இதைக் கரைக்காது.

சொத்தையே இல்லை, பல்லும் இல்லை

அதே லோ, இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை 1970 முதல் 1985 வரை பின்தொடர்ந்தார். அவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். பல் மருத்துவம் என்ற ஒன்று அவர்களை எட்டியதே இல்லை. வியப்பு என்னவென்றால், அவர்களிடம் சொத்தைப்பல் அநேகமாக இல்லவே இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாருடைய ஈறும் வீங்கியிருந்தது. அவர்களில் 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 35 வயதிலேயே பல்லைப் பிடித்திருக்கும் திசு சராசரியாக 9 மில்லிமீட்டர் போய்விட்டது. 81 பேருக்கு அது மெதுவாக அரித்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றது.

நம் ஊரில் "என் பல்லில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஈறு நோய் வலிப்பதில்லை. வலிக்காததாலேயே பல் ஆடும்வரை யாரும் மருத்துவரிடம் போவதில்லை. "எங்க தாத்தா கரித்தூளில் தேய்ச்சு எண்பது வயசு வரைக்கும் கரும்பு கடிச்சாரு" என்ற கதையும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அப்படித்தான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

'கிளீனிங் பண்ணினா பல்லு ஆடும்'

திண்ணைப் பேச்சில் அதிகம் புழங்கும் பயம் இதுதான். ஆனால் பல்லை ஆட்டுவது கிளீனிங் அல்ல, ஏற்கெனவே உள்ளே இருக்கும் நோய். பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கிப் பார்ப்பார். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இறங்கினால் சரி. நாலு, ஐந்து என்று போனால் உள்ளே பை விழுந்திருக்கிறது, எலும்பு கரையத் தொடங்கியிருக்கலாம். அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். சுத்தம் செய்ததும் அடைப்பு விலகி, ஏற்கெனவே இருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது. சில நாள் பல் கூசும், லேசாக ஆடுவதுபோலவும் இருக்கும். பழி மட்டும் மருத்துவர் தலையில் விழும். கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்பி வராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சிகிச்சை.

சர்க்கரை, புகையிலை, பிரஷர் மாத்திரை

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈற்றில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். ஈற்றுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கால் புண்ணைப் பார்ப்பதுபோல சர்க்கரைக்காரர்கள் ஈற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. புகைப்பழக்கத்தால் ஈற்றில் ரத்தம் அவ்வளவாக வராது. நோய் இருக்கும், அறிகுறி வெளியே தெரியாது. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலையை அடக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும். அங்கே வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் புற்றுநோய்ச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்கள் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்னும் அப்படித்தான். மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கும். "மாசமா இருக்கறப்ப பல்லுல கை வைக்கக் கூடாது" என்பது சரியல்ல. நாலாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை சுத்தம் செய்துகொள்ள வசதியான காலம்.

எப்படித் தேய்ப்பது

'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ்ஷை ஈற்று விளிம்பில் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். இரண்டு நிமிடம், காலையும் இரவும். இரவில் தேய்ப்பதைத்தான் விடவே கூடாது. வேப்பங்குச்சி முன்பல்லின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. கடைவாயின் உட்பக்கத்துக்கு அது எட்டுவதில்லை. செங்கல் தூளும் கரியும் பல்லைத் தேய்த்துத் தேய்த்தே ஈற்றை இறக்கிவிடும். பல்லிடுக்கைக் குத்த ஊக்கு, துடைப்பக்குச்சி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். இடுக்குக்கென்றே சின்ன பிரஷ் மருந்துக்கடையில் கிடைக்கிறது.

இப்படி ஒழுங்காகத் தேய்த்தும் இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் காட்டலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், திருத்தணியில் புறநகர் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகலாம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போவது நல்லது. சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.