வெந்நீர் அடுப்பு: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

“எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரண்டு மாடுகள் இருக்கின்றன. சமையலுக்கு காஸ் உண்டு. ஆனால், குளிக்க வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் பின்கட்டில் விறகு அடுப்பில்தான். விடிகாலையில் என் மாமியார்தான் அடுப்பு மூட்டுவார். அவருக்கு 68 வயது. சில மாதங்களாக இருமல். ஊட்டியில் உறவினர் வீட்டுக்குப் போனபோது, சுவரில் இருந்த பழைய கணப்புக்குள் இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். வீட்டுக்குள் புகையே இல்லை. விறகும் பாதிதான் ஆகிறது என்றார்கள். அதேபோல எங்கள் அடுப்பையும் மாற்ற முடியுமா? கடைகளில் நாலைந்து வகை சொல்கிறார்கள். எதை வாங்குவது?”

- ஒரு வாசகி, அகரம்தென்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் பல வீடுகளுக்குப் பொருந்தும் கேள்வி இது. முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென், மண்ணிவாக்கம் என்று எங்கே போனாலும், முன்பக்கம் மாடி வீடு இருக்கும். பின்பக்கம் கரிபிடித்த அண்டாவும் மூன்று கல்லும் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் மாமியாரின் இருமல்

அடுப்பைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. நல்ல காற்றே பாதி மருந்து என்று நம்பிய காலம். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகும், புகை காரணமா என்று டாக்டரிடம் கேளுங்கள். என் அம்மா முப்பது வருடம் ஊதுகுழல் ஊதியவர். பீடி, சிகரெட் வாசமே ஆகாது. கடைசியில் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பரிசோதித்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வீட்ல விறகு அடுப்பாம்மா?” என்பதுதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் இந்தப் புகையைப் பல வருடங்களாக அளந்து வருகிறது. அடுப்பு மூட்டுபவர்தான் அதிகம் சுவாசிக்கிறார் என்பது அந்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம்.

ஊட்டிப் பெட்டி நமக்கு ஆகுமா?

ஆகாது, தேவையும் இல்லை. திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே மேலே போய்விடும். அதற்குள் கதவு வைத்த இரும்புப் பெட்டியைப் பொருத்தினால், உள்ளே போகும் காற்று கட்டுப்படும். விறகு மெதுவாகவும் முழுமையாகவும் எரியும். சூடு அறைக்குள் வரும். அங்கே அறையைச் சூடாக்க வேண்டும். நமக்கோ மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்கு வேண்டியது சூடான அறை அல்ல, சூடான தண்ணீர்.

ஆனால், அந்தப் பெட்டியின் சூத்திரம் நமக்கும் பொருந்தும். தீயைச் சுற்றி அடைப்பு, அளவான காற்று, புகைக்குத் தனிவழி, சூடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேராகப் பாதை. இந்த நான்கும் இருக்கும் அடுப்பே நல்ல அடுப்பு.

ஒரு சின்னக் கணக்கு

ஐந்து பேர் குளிக்க 50 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளலாம். இதற்கு 1,750 கிலோ கலோரி வெப்பம் தேவை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோ கலோரி இருக்கிறது. கணக்குப்படி அரை கிலோ விறகு போதும். ஆனால், மூன்று கல் அடுப்பில் 100-ல் 10 முதல் 15 பங்கு சூடுதான் பாத்திரத்துக்குப் போகும். 10 பங்கு என்று வைத்தால் 5 கிலோ விறகு வேண்டும். அதையே 25 பங்கு சூடு பிடிக்கும் அடுப்பில் வைத்தால் 2 கிலோ போதும். தினம் 3 கிலோ, மாதம் 90 கிலோ மிச்சம். உங்கள் ஊர் விறகுக் கடை விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். அடுப்புக்குப் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

1. புகைபோக்கி வைத்த மண் அடுப்பு: ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு 1950-களிலேயே புகையில்லா அடுப்பைப் பரப்பினார். 1980-களில் மத்திய அரசே தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டு, 2002 வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை வழங்கியது. இடத்திலேயே கட்டுவது என்பதால் பாத்திரத்தின் அளவுக்கு ஏற்றபடி வாய் வைத்துக்கொள்ளலாம். பெரிய கஞ்சிப் பானைக்கு இதுதான் வசதி. விரிசலை மண் பூசி அடைக்கவும், குழாயைத் துடைக்கவும் ஆள் வேண்டும்.

2. ராக்கெட் அடுப்பு: கீழே பக்கவாட்டில் விறகு நுழையும் வாய், மேலே நிமிர்ந்த எரிகுழல். 1980-களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்தது. சுள்ளி, பிளந்த விறகு போதும். எங்கும் தூக்கிப் போகலாம். பெரும்பாலானவற்றில் புகைபோக்கி கிடையாது. எனவே, திறந்தவெளிக்கு மட்டுமே.

3. விசிறி அடுப்பு: சிறு மின்விசிறி காற்றை ஊதும். நான்கு வகைகளில் புகை மிகக் குறைவு இதில்தான். ஆனால், விறகைச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் இருக்க வேண்டும். பெரிய அண்டாவைத் தாங்காது. சமையலுக்குச் சரி, கஞ்சிக்கும் குளியல் தண்ணீருக்கும் சரிவராது.

4. நடுக்குழல் பாய்லர்: தாமிரத்திலோ எவர்சில்வரிலோ செய்தது. நடுவில் ஒரு குழல். அதற்குள் தீ, சுற்றிலும் தண்ணீர். சூடு வெளியே போக இடமில்லாமல் தண்ணீருக்குள்ளேயே இறங்கும். வெந்நீருக்கு இதை மிஞ்ச வேறு விறகு அடுப்பு இல்லை. தேங்காய் ஓடு, சுள்ளி, மட்டைத் துண்டு எதைப் போட்டாலும் எரியும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் மூன்று வகைகளில் கையில் தூக்கும் அடுப்புகளுக்கு ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. விசிறி இல்லாத அடுப்பு 100-ல் 25 பங்கும், விசிறி அடுப்பு 35 பங்கும் சூடு பிடிக்க வேண்டும் என்பது அதன் விதி. கடைக்காரரிடம் அந்தச் சோதனைச் சான்றைக் கேளுங்கள். “புகையே வராது” என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கேயே ஒரு தடவை மூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பாய்லர் என்றால் தகட்டின் கனம், நடுக்குழலின் பற்றவைப்பு, சாம்பல் தட்டைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஆவி வெளியேறும் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் வழியையும் ஆவித் துவாரத்தையும் ஒருசேர அடைத்துவிட்டால் பாய்லர் வெடிக்கும். தண்ணீர் நிரப்பாமல் தீ மூட்டினால் பற்றவைப்பு விட்டுவிடும்.

புகைபோக்கிதான் உயிர்

குழாய் 3 முதல் 4 அங்குல அகலம் இருக்கட்டும். கூரையைத் தாண்டி குறைந்தது 3 அடி உயரம் வேண்டும். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உச்சியில் மழைத்தொப்பி போடுங்கள். பழைய அடுப்புகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தார்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் தகரக் குழாயோ எவர்சில்வர் குழாயோ வாங்குங்கள். ஓலைக் கூரையைத் துளைத்துக் குழாயைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு பொறி போதும்.

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. நேற்று வரை வயலாக இருந்த இடத்தில் இன்று நான்கு மாடி நிற்கிறது. நம் வீட்டுப் புகை பக்கத்து வீட்டுத் தொட்டில் மேல் போய் விழக்கூடாது. குழாயை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதை அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுச் செய்தால் பின்னால் சண்டை வராது.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குழாயைத் துடைத்தாக வேண்டும். ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களுக்குப் புகைபோக்கி அடுப்பு கொடுத்து, பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு, அடுப்பைப் பழுதுபார்க்கவில்லை, குழாயைத் துடைக்கவில்லை, பலர் பயன்படுத்துவதையே விட்டார்கள். கிடைத்த பலனும் போய்விட்டது. வாங்குவது ஒருநாள் வேலை; துடைப்பது வருடம் முழுக்க உள்ள வேலை.

விறகு நனைந்தால் எல்லாம் வீண்

பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். 5 கிலோ பச்சை விறகில் இரண்டரை லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்கவே சுமார் 1,500 கிலோ கலோரி போகும். நீங்கள் குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கத் தேவையான அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது பாருங்கள். மிச்சம் இருப்பது புகைதான்.

சித்திரை, வைகாசி வெயிலில் விறகைப் பிளந்து காயப் போடுங்கள். செங்கல் மேல் கட்டை வைத்து, தரையில் படாமல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களில் காற்று போகட்டும். புரட்டாசிக்குள் விறகு கொட்டகைக்குள் வந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்தால் மார்கழிக்கு உதவாது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். முனையில் விரிசல் தெரிய வேண்டும்.

சவுக்கும் சீமைக்கருவேலமும் நின்று எரியும். தென்னை மட்டை மூட்டுவதற்கு நல்லது. அதையே எரித்தால் கரி அதிகம். அரளிக் குச்சியைப் போடவே கூடாது; அதன் புகையும் நஞ்சு. பெயின்ட் அடித்த பழைய பலகை, பிளாஸ்டிக், டயர் துண்டு எதுவும் அடுப்புக்குள் போகக்கூடாது.

கரி அடுப்பு எச்சரிக்கை

மழைக்காலத்தில் குளிருக்காகக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கரியில் புகை தெரியாது. ஆனால், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மலை ஊர்களில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. பிள்ளை பெற்ற அறையில் தணல் வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

விறகே வேண்டாம் என்றால்?

புகை இல்லாத அடுப்பு என்றால் அது மூட்டாத அடுப்புதான். கூரையில் இடம் இருந்தால் சூரிய வெந்நீர்க் கலம் நல்ல வழி. மேகம் மூடிய நாள்களில் மட்டும் பாய்லரை மூட்டலாம். சாண எரிவாயுவுக்கு, 2 கன மீட்டர் கலனுக்கே தினம் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். இரண்டு மாட்டுச் சாணம் அதற்குப் போதாது.

அதற்காக விறகு அடுப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம். கரண்ட் இல்லை, காஸ் வண்டி வரவில்லை. அப்போது ஒரு ராக்கெட் அடுப்பும் கொஞ்சம் காய்ந்த சுள்ளியும் மாடியில் இருந்தால் பச்சைப்பிள்ளைக்குக் கஞ்சியாவது வைக்கலாம்.

அகரம்தென் வாசகிக்கு எங்கள் பதில்

வெந்நீருக்கு நடுக்குழல் பாய்லர் வாங்குங்கள். அதைச் சுவருக்கு வெளியே, மழை படாத சார்ப்பில் வையுங்கள். மாட்டுக் கஞ்சிக்கு, புகைபோக்கியோடு ஒரு வாய் மண் அடுப்பு கட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் நின்றபடி மூட்டும் உயரத்தில் மேடை போட்டு வையுங்கள்; குனிந்து ஊதும்போதுதான் புகை நேராக முகத்தில் அடிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, விடிகாலை அடுப்பு வேலையை மாமியாரிடம் இருந்து வாங்கி, வீட்டில் உள்ள ஆண்களும் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள். பாய்லர் மூட்ட ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அவர் சம்மதிக்காமல் போகலாம். “இத்தனை வருஷமா நான்தானே மூட்டுறேன்” என்பார். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். நாங்கள் விட்டுவிட்டோம். நீங்கள் விடாதீர்கள்.